நீச்சல் குளத்துக்கு வீட்டுக்கு 10,325 ரூபாயா? கொடுக்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாள் இப்படி ஒரு மெசேஜ் வரும்: "நீச்சல் குளம் பழசாயிடுச்சு. டைல்ஸ் பெயருது, மோட்டார் மாத்தணும், தண்ணி கசியுது. அடுத்த மாசத்துக்குள்ள வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் கட்டுங்க." உடனே குரூப் ரெண்டா பிரியும். "எங்க வீட்ல யாருமே நீச்சல் அடிக்கிறதில்ல, நாங்க ஏன் கட்டணும்?"னு ஒரு பக்கம். "குளத்தை மூடிட்டா ஃபிளாட் மதிப்பே போயிடும்"னு இன்னொரு பக்கம். ரெண்டு பக்கமும் கணக்கு மட்டும் யார் கையிலயும் இருக்காது.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் 12, 15 வருஷத்துக்கு முன்னாடி கட்டின கேட்டட் கம்யூனிட்டி எல்லாத்துக்கும் இது ஒவ்வொண்ணா வந்துக்கிட்டிருக்கு. சம்பளத்துல ஹோம் லோன் இ.எம்.ஐ. போக மிச்சத்துல ஓட்டுற நமக்கு, திடீர்னு வர்ற பத்தாயிரம் ரூபாய் சின்ன விஷயம் இல்ல. ரீசேல் ஃபிளாட் வாங்கலாம்னு பார்த்துக்கிட்டு இருக்குறவங்களுக்கும் இந்தக் கணக்கு அவசியம். ஏன்னா நீங்க வாங்குறது உங்க வீட்டை மட்டும் இல்ல, அந்தப் பழைய குளத்துல ஒரு பங்கையும் சேர்த்துத்தான்.

ஒரு மாதிரி குளத்தை எடுத்துக்கிட்டு முழுசா கணக்கு போட்டுப் பார்க்கலாம். இதுல வர்ற விலை எல்லாம் கணக்குக்காக நான் வெச்சுக்கிட்டது. உங்க பில், உங்க கொட்டேஷன்ல இருக்குற எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க.

நம்ம மாதிரி குளம்

நீளம் 15 மீட்டர், அகலம் 6 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர். மூணையும் பெருக்கினா 108 கன மீட்டர், அதாவது 1,08,000 லிட்டர். மொத்தம் 160 வீடு. 2 ஹெச்.பி. மோட்டார், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடுது. காண்ட்ராக்டர் கொட்டேஷன் 14 லட்சம், அதுக்கு மேல 18% ஜி.எஸ்.டி. 2.52 லட்சம். ஆக 16.52 லட்சம். 160-ஆல வகுத்தா வீட்டுக்கு 10,325 ரூபாய்.

கொட்டேஷன்ல டைல்ஸ், கலர் எல்.இ.டி. லைட், புது பம்ப், சால்ட் குளோரினேட்டர்னு எல்லாம் அழகா வரிசையா இருக்கும். அசோசியேஷன் மீட்டிங்ல எல்லாரும் டைல்ஸ் கலரைப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க. ஆனா பணம் உண்மையில எங்க ஓட்டையாகுதுன்னு முதல்ல பார்க்கணும்.

முதல் ஓட்டை: நிஜமாவே ஓட்டை

திறந்த குளத்துல வெயிலுக்குக் கொஞ்சம் தண்ணி தினமும் ஆவியாகத்தான் செய்யும். அதுக்கு மேல குறையுதான்னு கண்டுபிடிக்க ஒரு பிளாஸ்டிக் பக்கெட் போதும்.

குளத்தோட படிக்கட்டுல, பாதி முங்குற மாதிரி பக்கெட்டை வைங்க. உள்ள குளத்துத் தண்ணியை ஊத்தி, வெளியே குளம் எந்த மட்டத்துல இருக்கோ அதே மட்டத்துக்குக் கொண்டு வாங்க. பக்கெட் உள்பக்கம் ஒரு கோடு, வெளிபக்கம் ஒரு கோடு. தண்ணி நிரப்புற லைனை மூடிடுங்க. மழை இல்லாத, யாரும் இறங்காத 24 மணி நேரம் விடுங்க. பக்கெட்லயும் குளத்துலயும் ஒரே அளவு குறைஞ்சா அது வெயில். குளத்துல அதிகமா குறைஞ்சா அது கசிவு.

இதை மோட்டார் ஓடும்போது ஒரு நாள், நிறுத்தி வெச்சு ஒரு நாள்னு ரெண்டு தடவை செய்யுங்க. மோட்டார் ஓடும்போது மட்டும் அதிகம் குறைஞ்சா, தண்ணி திரும்பி வர்ற பைப்புல ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டு நாளும் ஒரே மாதிரி குறைஞ்சா, தொட்டிச் சுவர், தரை, இல்ல லைட் பொருத்தின இடத்தைச் சந்தேகப்படலாம்.

சரி, கசிவு மட்டும் ஒரு நாளைக்கு 1 சென்டிமீட்டர்னு வெச்சுக்கலாம். கண்ணுக்கே தெரியாது. ஆனா 90 சதுர மீட்டர் பரப்புல 1 சென்டிமீட்டர்னா 900 லிட்டர். மாசத்துக்கு 27,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரித் தண்ணி 2,000 ரூபாய்னா மாசம் 4,500, வருஷத்துக்கு 54,000 ரூபாய் மண்ணுக்குள்ள போகுது. அந்தத் தண்ணியில போட்ட குளோரினும் கூடவே போகுது.

உங்க குளம் ஓவர்ஃப்ளோ டைப்பா இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும். அதுல பக்கத்துல பேலன்சிங் டேங்க் இருக்கும். மட்டம் குறையக் குறைய ஃப்ளோட் வால்வு தானா நிரப்பிக்கிட்டே இருக்கும். குளம் எப்பவும் நிறைஞ்சே இருக்கும், கசிவு யாருக்கும் தெரியாது. நிரப்புற லைன்ல ஒரு சாதாரண வாட்டர் மீட்டர் மாட்டி, தினமும் காலையில ரீடிங் எழுதச் சொல்லுங்க. ஒரே மாசத்துல குட்டு வெளியே வந்துடும்.

ரெண்டாவது ஓட்டை: மோட்டார்

2 ஹெச்.பி. மோட்டார் சுமார் 1.5 கிலோவாட். 12 மணி நேரம் ஓடினா ஒரு நாளைக்கு 18 யூனிட், மாசத்துக்கு 540 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சா மாசம் 4,320 ரூபாய். உங்க காமன் சர்வீஸ் மீட்டர் பில்லைப் பார்த்து சரியான ரேட்டைப் போட்டுக்கோங்க.

இங்கதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பம்ப் வருது. பம்ப் வேகத்தைப் பாதியாக்கினா தண்ணி ஓட்டமும் பாதியாகும். ஆனா இழுக்குற கரன்ட் பாதியாகாது. பேப்பர் கணக்குப்படி எட்டுல ஒரு பங்கா இறங்கும். நடைமுறையில மோட்டார்லயும் கன்ட்ரோலர்லயும் நடக்குற இழப்பு எல்லாம் சேர்ந்து அவ்வளவு இறங்காது. நாம பயந்துக்கிட்டே கணக்கு போடலாம்: 1.5 கிலோவாட் 0.35-க்கு வருதுன்னு வெச்சுக்கலாம்.

இப்ப 4 மணி நேரம் முழு வேகம், 16 மணி நேரம் பாதி வேகம். சுத்துற தண்ணி அளவு பழைய 12 மணி நேரத்துக்குச் சமம் (4 + 8 = 12). கரன்ட் கணக்கு: 4 × 1.5 = 6 யூனிட், 16 × 0.35 = 5.6 யூனிட். ஆக 11.6 யூனிட். மாசத்துக்கு 348 யூனிட், 2,784 ரூபாய். மிச்சம் மாசம் 1,536, வருஷத்துக்கு 18,432 ரூபாய்.

சாதாரண பம்பை விட இதுக்கு 60,000 ரூபாய் கூடுதல்னா, சுமார் மூணே கால் வருஷத்துல போட்ட காசு திரும்பிடும். நல்ல முதலீடுதான். உங்க பழைய மோட்டார் த்ரீ ஃபேஸா இருந்து நல்ல நிலைமையில இருந்தா, புது பம்பே வேண்டாம், வி.எஃப்.டி. கன்ட்ரோலர் மட்டும் மாட்ட முடியுமான்னு கேளுங்க, செலவு இன்னும் குறையும்.

ஆனா ஒண்ணு கவனிங்க. பம்ப் மிச்சம் 18,432. கசிவு நஷ்டம் 54,000. கிட்டத்தட்ட மூணு மடங்கு! விளம்பரத்துல பளபளன்னு வர்றது பம்ப். பணம் அதிகம் போறது யாரும் பேசாத கசிவுல. ஓட்டைப் பானையில விலை உயர்ந்த தண்ணி ஊத்துற கதையா ஆயிடக் கூடாது.

எந்த வேலைக்கு முதல் இடம்?

பணம் பத்தலன்னா எதை முதல்ல செய்யணும், எதைத் தள்ளிப் போடலாம்னு ஒரு வரிசை:

1. உயிர் சம்பந்தப்பட்டது. இதுல பேரமே கூடாது. குளத்தோட அடியில இருக்குற டிரெய்ன் மூடி உடைஞ்சிருந்தாலோ, தட்டையா பழைய மாடலா இருந்தாலோ உடனே மாத்தணும். பம்ப் இழுக்குற வேகத்துல குழந்தையோட உடம்போ முடியோ ஒட்டிக்கிட்டா பெரியவங்களால கூட பிரிக்க முடியாம போகலாம். அமெரிக்காவுல 2002-ல வர்ஜீனியா கிரேம் பேக்கர்னு 7 வயசுப் பொண்ணு இப்படித்தான் இறந்து போனா. முன்னாள் வெளியுறவுத் துறை அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரோட பேத்தி. அதுக்கப்புறம் 2007-ல அவ பேர்லயே ஒரு சட்டம் வந்து, பொதுக் குளங்கள்ல பாதுகாப்பான மூடி கட்டாயமாச்சு. மூடி விலை மொத்த கொட்டேஷன்ல தூசு மாதிரி. ரெண்டு டிரெய்ன் தள்ளித் தள்ளி இருந்து ஒரே பைப்புல சேர்ந்தா இன்னும் நல்லது.

   கரன்ட்டும் இதே லிஸ்ட்தான். தண்ணிக்குள்ள இருக்குற லைட் 12 வோல்ட்ல, ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியா வரணும். குளத்து சர்க்யூட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கணும், எர்த்திங்கை அளந்து பார்த்திருக்கணும். "பதினஞ்சு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல"ங்கிற பதிலை ஏத்துக்காதீங்க.

2. கசிவும் வாட்டர்ப்ரூஃபிங்கும். டைல்ஸ் பெயர்றது பெரும்பாலும் நோய் இல்ல, அறிகுறி. பின்னாடி வாட்டர்ப்ரூஃபிங் போயிருந்தா, மேல எவ்வளவு விலை உயர்ந்த டைல்ஸ் ஒட்டினாலும் திரும்பப் பெயரும். வாட்டர்ப்ரூஃபிங் முடிஞ்சதும், டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி, குளத்தை நிரப்பி சில நாள் வெச்சு மட்டம் குறையுதான்னு பார்க்கணும். காண்ட்ராக்டர் அவசரப்படுவார். நீங்க அவசரப்படாதீங்க.

3. பைப்பும் ஃபில்டரும். தரையை உடைக்கிறதுக்கு முன்னாடி பைப் ஒவ்வொண்ணையும் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. நல்லா இருக்குற பைப்பை எதுக்கு மாத்தணும்? ஃபில்டர்ல இருக்குற மணலை சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். பல இடத்துல கட்டின நாள்ல இருந்து அதே மணல்தான் இருக்கும். புது மணல் போட்டாலே தண்ணி தெளிஞ்சுடும், முழு ஃபில்டரையும் மாத்தத் தேவையில்லாம போகலாம்.

4. பம்ப். மேல போட்ட கணக்குதான். ஒரு எச்சரிக்கை: "பெருசா போடுவோம் சார், நல்லா சுத்தும்"னு 3 ஹெச்.பி. தள்ளிவிடப் பார்ப்பாங்க. பழைய ஃபில்டருக்குத் தாங்காத வேகத்துல தண்ணி போனா அழுக்கு மணலைத் தாண்டி வெளியே வந்துடும். கரன்ட் பில்லும் ஏறும், தண்ணியும் கலங்கும்.

5. சால்ட் குளோரினேட்டர். "குளோரினே இல்லாத குளம்"னு யாராவது விற்க வந்தா நம்பாதீங்க. உப்புல இருந்து கரன்ட் வெச்சு குளோரின் தயாரிக்கிற மெஷின்தான் அது. லிட்டருக்கு 3.5 கிராம் உப்புன்னா நம்ம குளத்துக்கு 378 கிலோ உப்பு வேணும். குளம் கசிஞ்சா அந்த உப்பும் கசியும். கூடவே அதோட செல் தேஞ்சு போற பொருள், சில வருஷத்துல மாத்தணும். நம்ம ஊர் போர் தண்ணி கடினமா இருந்தா செல்லுல உப்பு படிஞ்சு ஆயுள் இன்னும் குறையும். புது செல் விலையைக் கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. அதுக்கப்புறம் மாசம் மிச்சமாகிற கெமிக்கல் செலவோட ஒப்பிட்டுப் பாருங்க.

6. கலர் லைட், நீர்வீழ்ச்சி, டிசைன் டைல்ஸ். கடைசியா, பணம் மிச்சம் இருந்தா.

எப்ப செய்யணும்? இதுலயும் காசு இருக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையில குளத்தைக் காலி பண்ணவே கூடாது. பெரும்பாக்கம், பள்ளிக்கரணை மாதிரி தாழ்வான பகுதியில மழைக்காலத்துல நிலத்தடி நீர் தரைக்குப் பக்கத்துல வந்துடும். தண்ணி நிறைஞ்ச குளம் தன் எடையால உட்கார்ந்திருக்கும். காலி பண்ணினா கீழ இருந்து தண்ணி மேல தள்ளும், தொட்டி விரிசல் விடலாம், தூக்கிக்கிட்டே கூட வரலாம். அப்புறம் 14 லட்சம் கொட்டேஷன் எல்லாம் ஞாபகத்துக்கே வராது.

அதே சமயம் உச்சி வெயில்ல மே மாசம் நிரப்பவும் முடியாது, லாரித் தண்ணிக்கு அப்பத்தான் கிராக்கி. நம்ம குளத்தை ஒரு தடவை நிரப்ப 9 லாரி, 18,000 ரூபாய். டெஸ்ட்டுக்கு ஒரு தடவை, கடைசியா ஒரு தடவைன்னா 36,000. இது கொட்டேஷன்ல இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் இருக்காது. பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சு, பங்குனிக்குள்ள முடிக்கிறது நல்ல கணக்கு.

மூடிட்டா என்ன?

இதுவும் நியாயமான கேள்விதான். யாரும் கோபப்பட வேண்டாம், கணக்கைப் பார்ப்போம்.

இப்ப மாசச் செலவு: பூல் ஆபரேட்டர் சம்பளம் 18,000, கெமிக்கல் 9,000, கரன்ட் 4,320, கசிவுத் தண்ணி 4,500. மொத்தம் 35,820. வேலை முடிஞ்சதும் கசிவும் கரன்ட் மிச்சமும் கழிச்சா 29,784. புதுப்பிப்புச் செலவு 16.52 லட்சத்தை 10 வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 13,767. ஆக மொத்தம் மாசம் 43,551 ரூபாய்.

இப்ப ஒரு நோட்டு வெச்சு, ஒரு மாசம் குளத்துல இறங்குறவங்களை எண்ணுங்க. 600 தடவை யாராவது இறங்கினா ஒரு தடவைக்கு 73 ரூபாய். குழந்தைங்க இவ்வளவு விளையாடுற இடத்தை மூடுறது முட்டாள்தனம். 150 தடவைதான்னா ஒரு தடவைக்கு 290 ரூபாய். அப்ப மீட்டிங்ல மூடுற யோசனையையும் நேர்மையா பேசலாம். ஆனா தண்ணியை அப்படியே விட்டுட்டா அது மூடுறது ஆகாது, கொசுப் பண்ணை ஆகும். மூடுறதுக்கும் தனியா கொட்டேஷன் வாங்கணும், உரிமையாளர்கள் ஒப்புதல் வேணும்.

யார் கட்டணும்?

வாடகைக்கு இருக்கீங்கன்னா: மாச மெயின்டனன்ஸ் உங்களோடது. இந்த மாதிரி ஒரே தடவை வர்ற பெரிய செலவு வழக்கமா ஓனரோடது. வாடகை ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை படிங்க.

ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கீங்கன்னா: வாடகை வருமானத்துல கிடைக்கிற 30% ஸ்டாண்டர்டு டிடக்ஷனுக்குள்ளயே இதெல்லாம் அடங்கிடும். இந்தத் தொகையைத் தனியா கழிக்க முடியாது.

கட்டி 5 வருஷம் ஆகாத பில்டிங்னா: எதுவும் கட்டுறதுக்கு முன்னாடி நில்லுங்க! ரேரா சட்டத்தோட 14(3) பிரிவுப்படி, கையில ஒப்படைச்ச நாள்ல இருந்து 5 வருஷத்துக்குள்ள வர்ற கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளை பில்டரே தன் செலவுல சரி பண்ணணும். எழுத்துல புகார் கொடுங்க.

அசோசியேஷன் கமிட்டியில இருக்கீங்கன்னா: மாசம் ஒரு வீட்டுக்கு 7,500 ரூபாய்க்கு மேல வசூல், வருஷ வரவு 20 லட்சத்துக்கு மேலன்னா ஜி.எஸ்.டி. பிரச்சினை வரும். இந்த ஒரு தடவை வசூல் அதுல எப்படிச் சேரும்னு வசூலிக்கிறதுக்கு முன்னாடியே ஆடிட்டரைக் கேட்டுடுங்க.

பணம் கொடுக்குற முறையும் முக்கியம். மூணு கொட்டேஷன் வாங்குங்க, மூணுக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்க. இல்லன்னா ஆப்பிளையும் பலாப்பழத்தையும் ஒப்பிடுற மாதிரி ஆகும். முழு அட்வான்ஸ் கூடாது. ஆரம்பத்துல ஒரு பங்கு, கசிவு டெஸ்ட் பாஸானா ஒரு பங்கு, டைல்ஸ் முடிஞ்சா ஒரு பங்கு. கடைசி 10 சதவீதத்தைக் கையில வெச்சுக்கிட்டு, ஒரு மழைக்காலம் தாண்டினதும் கொடுங்க.

86 ரூபாய்

இந்தப் பதிவுல ஒரே ஒரு எண்ணை ஞாபகம் வெச்சுக்கணும்னா அது இதுதான். 10,325 ரூபாயை 120 மாசத்தால வகுங்க. 86 ரூபாய். பத்து வருஷமா மாசா மாசம் வீட்டுக்கு 86 ரூபாய் சிங்கிங் ஃபண்ட்ல எடுத்து வெச்சிருந்தா, இன்னைக்கு யாரும் வாட்ஸ்அப்ல சண்டை போட்டிருக்க மாட்டாங்க. ஒரு காபி காசு. வட்டியைக் கணக்குல சேர்த்தா அதை விடவும் கம்மி.

குளம் மட்டுமா? லிஃப்ட், ஜெனரேட்டர், எஸ்.டி.பி., வெளிப்பூச்சு பெயின்ட் எல்லாத்துக்கும் ஆயுள் இருக்கு. மெயின்டனன்ஸ் கம்மியா இருக்குற அபார்ட்மென்ட் மலிவுன்னு நினைக்காதீங்க. பல இடத்துல அது எதிர்காலச் செலவைத் தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கும். ரீசேல் ஃபிளாட் பார்க்கப் போகும்போது விற்கிறவர்கிட்டயும் அசோசியேஷன்கிட்டயும் இந்த நாலு கேள்வியைக் கேளுங்க: கார்பஸ் ஃபண்ட்ல இன்னைக்கு எவ்வளவு இருக்கு? சிங்கிங் ஃபண்டுக்கு மாசம் எவ்வளவு ஒதுக்குறீங்க? கடைசி ரெண்டு ஏ.ஜி.எம். மினிட்ஸைப் பார்க்கலாமா? முடிவு பண்ணி இன்னும் வசூலிக்காத தொகை ஏதாவது இருக்கா? பதில்ல இழுத்தா, அந்தத் தொகையை விலையில பேசிக் குறைங்க.

இப்பவே கட்ட வேண்டி வந்தவங்களுக்கு: கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ல போடாதீங்க. மூணு தவணையா கொடுக்க முடியுமான்னு அசோசியேஷனைக் கேளுங்க, பெரும்பாலும் ஒத்துப்பாங்க. அப்புறம் இந்த மாசத்துல இருந்தே "வீடு பராமரிப்பு"ன்னு தனியா ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க, மாசம் 500 ரூபாய் போதும்.

இந்த வாரக் கடைசியில ஒரு பக்கெட் எடுத்துக்கிட்டுப் போய் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எவ்வளவு குறைஞ்சது, உங்க கணக்குல வருஷத்துக்கு எவ்வளவு வந்ததுன்னு கமென்ட்ல சொல்லுங்க. உங்க குரூப்ல டைல்ஸ் கலர் சண்டை நடக்குதுன்னா, இந்தப் பதிவை அங்க ஷேர் பண்ணிடுங்க.